கை வைத்த நாற்காலி

லண்டன், அரண்மனை
ஜனவரி 9

உல்லி அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் கணப்பில் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. பிடிக்கவில்லை என்றால் மிச்சத்தைப் போடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நினைத்துக்கொள்வேன், ஆனால் உனக்குத் தெரியாது.

நாம் பேசி ஐந்து வருடம் ஆகிறது. என் முடிசூட்டு விழாவுக்கு வந்தவள், விருந்து முடிந்த மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாய். உன் அறைக்கு ஓடி வந்தேன். படுக்கையை மடித்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்தான் இருந்தாள். அதற்கப்புறம் நான் போட்ட கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. அதனால்தான் இந்த உறையின் மேல் விலாசத்தை மன்னரின் எழுத்தரிடம் எழுதச் சொன்னேன். ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உண்டாகியிருக்கிறேன். ஜூன் கடைசி என்கிறார்கள்.

போன தடவை நடந்தது உன் காதுக்கு எட்டியிருக்கும். பெண் குழந்தை. காலையில் பிறந்தாள், மாலை விளக்கேற்றுவதற்குள் போய்விட்டாள். அதை நான் எழுத வரவில்லை. வேறொன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் ராணிக்குப் பிள்ளை பிறந்தால் சாட்சி வேண்டும். மந்திரிகளும் ஆயரும் பக்கத்து அறையில் காத்திருப்பார்கள், அரச குடும்பத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி இருப்பார்கள். விருந்து மேஜையைத் தவிர வேறெங்கும் ராணியின் எதிரில் யாரும் உட்காரக் கூடாது, அதனால் எல்லாரும் நின்றார்கள். நான் வலியில் கிடக்கிறேன், சுற்றிலும் பட்டுப் பாவாடைகள், மேலே எங்கேயோ முகங்கள். சவத்தைச் சுற்றி நிற்கிற மாதிரி நின்றார்கள். யாராவது ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஒண்ணுமில்லடி" என்று சொன்னால் போதும் என்று இருந்தது. யாரும் சொல்லவில்லை.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா என்னைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போனவள். அவளுடைய உடல்வாகுதான் எனக்கு என்று அப்பா எப்போதும் சொல்வார். நீ வா. வந்து என் பக்கத்தில் உட்கார். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் மாலி

•

லிண்டாக் பண்ணை
ஜனவரி 28

மாட்சிமை தங்கிய இங்கிலாந்து மகாராணி அமாலியே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேல் விலாசத்தைப் பார்த்து, என் கணவர் ஆன்ஸெல்ம் விலை பேசிக்கொண்டிருக்கும் குதிரையைப் பற்றிய கடிதம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். பிரித்த பிறகு படிக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் படித்தேன்.

பக்கத்தில் வந்து உட்காரும்படி அழைத்திருக்கிறீர்கள். தங்கள் அரண்மனையில் உட்காருவதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. தங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நான் ஹோகன்வால்டு அரச குடும்பத்தின் மூத்த மகள். மணந்துகொண்டவர் வெறும் பண்ணைப் பிரபு. எனவே தங்கள் நாட்டு வழக்கப்படி என் முதுகுக்குச் சாய்வு கிடையாது, கைகளுக்குத் தாங்கல் கிடையாது. விருந்து முடியும்வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால், கை வைத்த நாற்காலியில், தங்கள் ஓரகத்தி ஆஷ்மியர் சீமாட்டி உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கறி வந்தபோது அவர் திரும்பிப் பார்த்து பிரெஞ்சில் கேட்டார்: "முதுகு வலிக்குதா? உங்க ஊர்ல ஸ்டூல்தானே பழக்கம்?"

அவர் கேட்டதற்கு நான் கோபப்படவில்லை. அவர் யாரோ. நான் உன்னைப் பார்த்தேன். நீ தட்டைப் பார்த்தாய். தலையை நிமிர்த்துவாய் என்று காத்திருந்தேன், பழத்தட்டு வந்து போகும்வரை காத்திருந்தேன். நீ நிமிரவே இல்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு பார்வைக்குக்கூட வழியில்லாமல் போயிற்று.

அதனால் வருவதற்கில்லை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்த வீட்டுக்குள் நான் மறுபடி நுழைய மாட்டேன்.

இடது பக்கமாகப் படு. நெஞ்சு எரிந்தால் சோம்பு கொதிக்க வைத்த தண்ணீர் குடி. அங்கே மருத்துவர்கள் ரத்தம் எடுக்கிறேன் என்று கிளம்புவார்கள், விடாதே.

உல்ரிக்கே

•

லண்டன்
பிப்ரவரி 16

அக்கா,

'தங்கள்' என்று தொடங்கினாய், 'உன்னை' என்று முடித்தாய். எந்த வரியில் மாறியது என்று விரல் வைத்துத் தேடினேன். கிடைத்தது. அது என்னைத் திட்டுகிற வரி. ஆனாலும் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

தட்டைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது நான் இந்த ஊருக்கு வந்து சில மாதம்தான். ஆங்கிலத்தில் 'நன்றி', 'மழை', 'மிக அழகாக இருக்கிறது' இவ்வளவுதான் பேச வரும். உன்னைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். புது ராணி விருந்தில் அழுதாள் என்று மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கும். அழாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி ஆட்டுக்கறியைப் பார்ப்பது. இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது இதுதான்.

உன் கடிதம் வந்த அன்றே அரண்மனை நிர்வாகி பெல்வுட் பிரபுவைக் கூப்பிட்டேன். யார் எங்கே நிற்பது, யார் எதில் உட்காருவது என்பதெல்லாம் அவர் கையில். மெலிந்த மனிதர், சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். "என் அக்கா வர்றாங்க. அவங்களுக்குக் கை வெச்ச நாற்காலி வேணும்" என்றேன்.

"மகாராணி, நாற்காலிங்கிறது வெறும் சாமான் இல்லீங்க. அது சட்டம்," என்றார். "உங்க அக்காவுக்குக் கை குடுத்தா, நாளைக்கு எல்லாப் பிரபு வீட்டம்மாவும் கை கேப்பாங்க."

"அப்ப ஒரு கையை மட்டும் ஒட்டிக் குடுங்களேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

என்னவரிடம் போனேன். நல்ல மனுஷர், உனக்குத் தெரியும். தோட்டத்தில் முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "மாலி, சண்டை வேணும்னா சொல்லு, பிரான்ஸ் மேல படை அனுப்பறேன். நாற்காலி விஷயத்துல மட்டும் என்னை இழுக்காத. எங்கப்பா காலத்துல ஒரு நாற்காலிக்காகத் தூதருங்க கோச்சுக்கிட்டு ஊரை விட்டே போயிட்டாங்க" என்றார். இந்த நாட்டில் மன்னரால் செய்ய முடியாத விஷயம் நிறைய இருக்கிறது, அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

பெல்வுட் பிரபு பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உனக்கு முறைப்படி அழைப்பு அனுப்புவாராம். கோபப்படாமல் படி.

சோம்புத் தண்ணீர் குடிக்கிறேன். ரத்தம் எடுக்க விடவில்லை. மருத்துவருக்கு என்மேல் வருத்தம்.

மாலி

•

லிண்டாக்
மார்ச் 12

மாலி,

அழைப்பு வந்து சேர்ந்தது. மூன்று முத்திரை, பட்டு நாடா. கொண்டுவந்த ஆளுக்கு ஆன்ஸெல்ம் பீர் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 'முதுகுச் சாய்வு உள்ளதும் கைகள் இல்லாததுமான இருக்கை, மகாராணியின் கட்டிலிலிருந்து தள்ளி, ஜன்னலோரம்' என்று எழுதியிருக்கிறது. கீழே ஒரு குறிப்பு வேறு. மகாராணி நேரில் அனுமதி தந்தாலொழிய அதில் உட்காரவும் கூடாதாம். ஐந்து வருடத்தில் எனக்கு முதுகு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வலது கை வரும், நான் கிழவியாகும்போது இடது கையும் வந்துவிடும்.

ஆன்ஸெல்ம் கேட்டார்: "நம்ம வீட்டு நாற்காலியையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயேன், உல்லி." நான் அவரைப் பார்த்த பார்வையில் குதிரையைப் பார்க்கப் போய்விட்டார்.

வர மாட்டேன் என்று பெல்வுட் பிரபுவுக்கு எழுதிவிட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் என்ன பார்க்கப்போகிறேன், உன் தோட்டத்து முட்டைக்கோஸையா?

நீ தட்டைப் பற்றி எழுதியதை நம்புகிறேன். நம்பினால் கோபம் போய்விட வேண்டுமே, போகவில்லை. என்ன செய்வது, என் சுபாவம் அப்படி.

குழந்தை அசைகிறதா? எந்தப் பக்கம் அதிகம் உதைக்கிறது? எழுது.

உல்லி

•

லண்டன்
ஏப்ரல் 2

அக்கா,

வலது பக்கம். சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பிக்கும், மந்திரிகள் வந்து பேசும்போது இன்னும் பலமாக உதைக்கும்.

நீ வர மாட்டேன் என்று எழுதிய கடிதத்தைப் பெல்வுட் பிரபு என்னிடம் படித்துக் காட்டினார். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா. ஒரு நாற்காலிப் பிரச்சினை தீர்ந்ததே என்று.

நேற்று அவர் என் படுக்கையறைக்கு வந்தார். கூடவே இரண்டு ஆட்கள், கையில் சாக்குக் கட்டி. யார் யார் எங்கே நிற்பது என்று தரையில் வட்டம் போட்டார்கள். தலைமாட்டில் மருத்துவர். கால்மாட்டில் என் ஓரகத்தி. கதவோரம் வரிசையாக மற்றப் பெண்கள். நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் சாவுக்கு ஏற்பாடு நடக்கிற மாதிரி இருந்தது. "கொஞ்சம் காலைத் தூக்குங்க மகாராணி, கட்டிலை ரெண்டு அடி தள்ளணும்" என்றார்கள். தள்ளினார்கள். தள்ளிய இடத்திலும் வட்டம் போட்டார்கள்.

ராத்திரியெல்லாம் எனக்கு இந்த வட்டங்கள்தான் நினைவு. நான் செத்துப்போவேன் என்று நினைக்கிறேன், அக்கா. வெளியே யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நாட்டுக்கே சொன்ன மாதிரி. அவரிடம் சொன்னால் அவர் அழுதுவிடுவார். உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். போன தடவை அந்த அறையில் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இப்போதுதான் உறைத்தது. திருமதி டாலி என்று ஒரு தாதி, பேறுகாலத்துக்கு ஒரு மாதம் வேலைக்கு வந்தவள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை போன பிறகும் மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் ஓரகத்தி நிற்கிறாள், பிரபு வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள், அவள் உட்கார்ந்திருக்கிறாள், யாருமே ஒன்றும் சொல்லவில்லை. நேற்று பெல்வுட் பிரபுவைக் கேட்டேன், தாதி உட்காருவதற்கு என்ன சட்டம் என்று.

"தாதியா?" என்றார். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அவளுக்கு எதுக்கு மகாராணி சட்டம்?"

அவளையே மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்றால், கண் தெரியவில்லை, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். வேறு ஆள் தேட வேண்டும்.

மாலி

•

லிண்டாக்
ஏப்ரல் 20

மாலி,

நீ சாகமாட்டாய். அபத்தமாகப் பேசாதே.

மூன்று விஷயம் உடனே எழுது. அந்தத் தாதியை வேலைக்கு வைப்பது யார், பெல்வுட்டா, மருத்துவரா, நீயா? அவள் ஆங்கிலேயப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? அவள் எந்தப் பக்கமாக உள்ளே வருவாள், முன்வாசலா, பின்படியா?

கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொல். வட்டங்களை நீயே காலால் அழித்துவிடு.

உல்லி

•

லண்டன்
மே 5

அக்கா,

அழித்துவிட்டேன். வெறுங்காலால் தேய்த்தேன். இரண்டு பாதமும் சுண்ணாம்பாகிவிட்டது. மறுநாள் வந்து திரும்பப் போட்டார்கள்.

தாதியை வைப்பது நான். இந்த அரண்மனையில் என் கையில் இருக்கிற ஒரே நியமனம் அதுதான் போலிருக்கிறது. என் காலுறை எந்த நிறம் என்று தீர்மானிக்கவே இரண்டு சீமாட்டிகள் இருக்கிறார்கள். இந்த வேலையை எந்தப் பிரபுவும் தன் உறவுக்காரிக்குக் கேட்டு வரவில்லை. எந்த நாட்டுக்காரியாகவும் இருக்கலாம். "உங்க ஊர்க்காரியா இருந்தா உங்களுக்கும் பேச்சுத்துணைதானே" என்று மருத்துவரே சொன்னார். வருவது பின்படி வழி, சமையற்கட்டைத் தாண்டி.

எதற்குக் கேட்கிறாய்? உனக்குத் தெரிந்த நல்ல பெண் யாராவது இருக்கிறாளா? இருந்தால் சீக்கிரம் அனுப்பு. நாள் நெருங்குகிறது.

மாலி

•

லிண்டாக்
மே 19

மகாராணி அம்மா அவர்களுக்கு, தாதி பெக்கர் பணிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தங்கள் பேறுகாலத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். நான் ஐந்து பெற்றவள், ஐந்தும் இருக்கின்றன. இந்தப் பண்ணைப் பெண்களுக்கும் பல வருடமாகக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். குடிப்பழக்கம் இல்லை. கோபம் உண்டு, வேலை நேரத்தில் அடக்கிக்கொள்வேன். நற்சான்றுக்கு இந்தப் பண்ணைப் பிரபுவைக் கேட்கலாம். அவர் மனைவியைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம், ரொம்ப நேரம் பேசுவார்.

தனி அறை வேண்டாம், தனிச் சாப்பாடு வேண்டாம். ஒரு நிபந்தனை உண்டு. வேலை முடிந்து நான் ஊர் திரும்பும்வரை யார் முன்னாலும் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது. நான் யாரென்று தெரிந்த அந்த நிமிடமே எனக்கு இருக்கை தேட ஆரம்பித்துவிடுவார்கள். தேடி முடிப்பதற்குள் உங்களுக்குப் பிள்ளை பிறந்து நடக்கவே தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
தாதி பெக்கர்

•

லண்டன்
மே 31

தாதி பெக்கருக்கு,

படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காலுறைச் சீமாட்டிகள் இருவரும் ஓடி வந்தார்கள். வலி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்கா, நன்றாக யோசித்தாயா? ஒரு ஸ்டூலுக்காகக் கடல் தாண்டிப் போனவள் நீ. பின்படி வழியாக வருவாயா? சமையற்காரி உன்னை ஏவுவாள். என் ஓரகத்தி உன்னிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்வாள். நீ முழங்காலை மடித்து அவளை வணங்க வேண்டியிருக்கும். நீ மடங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு முன்னாலேயே தலையை மட்டும்தான் அசைப்பாய்.

உன்னால் முடியாது என்று ஒரு மனசு சொல்கிறது. நீ எப்படியாவது வந்து சேர மாட்டாயா என்று இன்னொரு மனசு. நான் பெரிய மனசுக்காரி இல்லை, இரண்டாவது மனசுதான் ஜெயித்தது.

வேலை உனக்குத்தான். வா.

மாலி

•

கீழே, சமையற்கட்டு
ஜூன் 17

மகாராணி அம்மா,

வந்து சேர்ந்துவிட்டேன். கடல் படுத்திய பாட்டில் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பின்வாசல் காவல்காரர் பெயர் கேட்டார், பெக்கர் என்றேன், எழுதாமலே உள்ளே விட்டுவிட்டார். போன தடவை நான் வந்தபோது என் பெயரையும் பட்டங்களையும் வாசிக்கவே ஒரு ஆள் தனியாக இருந்தார்.

தலைமைச் சமையற்காரி திருமதி பெக் என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா, இப்பிடி வெளுத்துக் கெடக்கிற, கீழ விழுந்துடப்போற. உக்காரு மொதல்ல" என்று கணப்புப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, ஆனால் நாற்காலி புரிந்தது. கை வைத்த நாற்காலி, மாலி. இரண்டு கையும் இருக்கிறது. பெல்வுட் பிரபுவிடம் சொல்லாதே, பிடுங்கிக்கொண்டு போய்விடப் போகிறார்.

இந்தத் துண்டுச்சீட்டை ரொட்டித்தட்டுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். தாதியைக் கூப்பிட்டு அனுப்பு. மேலே வருகிறேன்.

பெ.

•

ஹார்விச் துறைமுகம், சத்திரம்
ஜூலை 30

மாலி,

காற்று எதிராக இருப்பதால் கப்பல் கிளம்பவில்லை. சத்திரத்து மேஜை ஆடுகிறது, அதனால் கையெழுத்தும் ஆடும்.

இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன், கணக்கில் வைத்துக்கொள். ஞானஸ்நானம்வரை இருக்கச் சொல்லி நீ அழுதாய். இருந்திருந்தால் ஹோகன்வால்டிலிருந்து வரும் விருந்தாளிகள் என்னைக் கண்டுபிடித்திருப்பார்கள். வலியில் நீ என் கையைக் கடித்த இடம் ஆறிவிட்டது. பல்தடம் மட்டும் இருக்கிறது. ஆன்ஸெல்ம் கேட்டால் குதிரை கடித்தது என்று சொல்லப்போகிறேன்.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் சொல்கிறேன். அங்கே இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை.

பிள்ளை பிறந்ததும் துணியில் சுற்றி நான் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனேன் அல்லவா, மந்திரிகளுக்குக் காட்ட. உன் மன்னர் கதவோரம் நின்றிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஹோகன்வால்டு பக்கத்துத் தாதிங்க கெட்டிக்காரங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். மகாராணி நலம் என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நல்ல மனுஷர்தான்.

பிறகு உன் ஓரகத்தி வந்தாள். நான் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தியிருந்தேன். உனக்குத் தெரியும், பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தாதியின் கையில் ஏதாவது வைப்பது அங்கே வழக்கம். அவள் வைத்த காசை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, குழந்தையையே பார்த்தாள். ஐந்து வருடமாக இந்தச் சந்தர்ப்பத்துக்கு என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, பிரெஞ்சில், நன்றாகச் செதுக்கியது.

அவள் காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "நல்லா மூச்சு விடுது, இல்ல? என் மூணாவது பொண்ணுக்கும் இதே மாதிரி முடி. அவ தங்கல." சொல்லிவிட்டு நின்றாள். அவள் உட்காரவும் முடியாது, நீ அடுத்த அறையில் இருந்தாலும் அதே சட்டம்தான். அவளுடைய அந்தப் பிரசவத்திலும் எல்லாரும் இப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். முழங்காலை மடித்து அவளை வணங்கினேன். வேஷத்துக்காக வணங்கவில்லை, மாலி. செதுக்கிய வாக்கியம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் கஷ்டம். நீ பிறந்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா என்னைக் கூப்பிட்டாள், என் காதில் விழுந்தது. இளவரசிகளுக்கு அந்த அறையில் இடமில்லை என்று பெரியவர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். கதவு திறந்தபோது உன்னைத்தான் என் கையில் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தாய். அன்றிலிருந்து எனக்குக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் தாங்காது. ஜன்னலோரம் என்று அந்த அழைப்பில் படித்தபோது எனக்கு வந்தது வெறும் கௌரவக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தத் தடவை உள்ளே இருந்தேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்லடி" என்றேன். எனக்கு அது போதும்.

காற்று மாறுகிறது என்று கீழே கத்துகிறார்கள். பாப்பா பால் குடித்ததும் முதுகைத் தட்டிவிடு, இல்லாவிட்டால் கக்கும்.

உல்லி

•

லண்டன்
ஆகஸ்ட் 14

அக்கா,

உன் கடிதத்தைப் பற்றி இப்போது எழுத முடியாது. எழுத உட்கார்ந்தால் தாள் நனைகிறது. பிறகு எழுதுகிறேன். அம்மா கூப்பிட்டாள் என்று நீ இத்தனை வருடம் ஒருத்தரிடமும் சொல்லவில்லையே.

பாப்பா கொழுகொழுவென்று இருக்கிறாள். தட்டாவிட்டால் கக்குகிறாள், நீ சொன்னபடியே. புதுத் தாதி வந்திருக்கிறாள், நல்லவள்தான், ஆனால் என்னைப் பார்த்தால் எழுந்துவிடுகிறாள். உட்காரு உட்காரு என்று சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பெல்வுட் பிரபு ஞானஸ்நானத்துக்கான வட்டங்களைப் போட்டு முடித்துவிட்டார்.

நேற்று ஓரகத்தி வந்தாள். வழக்கமாக வந்தால் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். நேற்று கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி, கழற்றி, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தாள். "உங்க ஊர் தாதி இருந்தாளே, பெக்கரோ என்னவோ. அவளை எனக்குக் குடுங்க," என்றாள். "என் பெரிய பொண்ணுக்கு அக்டோபர்ல. ரொம்பப் பயப்படறா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்தப் பொம்பளை குழந்தையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததைப் பாத்தப்ப எனக்கே கொஞ்சம் தைரியம் வந்துச்சு. எவ்வளவு கேட்டாலும் தரேன். கேட்டுச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் என்று நினைத்தேன். அவள் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் அவளிடம் என்ன சொல்லட்டும்?

மாலி

•

லிண்டாக்
செப்டம்பர் 1

மாலி,

ஊர் வந்து சேர்ந்தேன். ஆன்ஸெல்ம் பல்தடத்தைப் பார்த்துவிட்டு, இந்த அளவு வாய் எந்தக் குதிரைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னைத் தாதியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் ஓரகத்திக்குப் பதில். அவள் மகள் பிரசவிக்கப்போவது அவள் வீட்டில், அரண்மனையில் இல்லை. அங்கே பெல்வுட்டும் இல்லை, சாக்குக் கட்டியும் இல்லை. நிற்கிறவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அவளே மகள் பக்கத்தில் உட்காரட்டும். முகத்துக்கு நேராகக் குனிந்து பேசட்டும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் "ஒண்ணுமில்லடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போதும், நான் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாயே உட்கார்ந்திருக்கும்போது கூலிக்கு ஆள் எதற்கு? இதை நீயே நேரில் போய், நின்றுகொண்டு சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

வற்புறுத்திக் கேட்டால், பெக்கர் வர மாட்டாள் என்று சொல்லிவிடு. அவள் தன் தங்கையைத் தவிர வேறு யாருக்கும் வேலை பார்க்க மாட்டாள் என்று சொல்.

உன் அக்கா